சுழல்வட்ட சித்தாந்தம்: தாராசுரத்தில் நின்று நின்று ஓடிய ஒரு தோடியை முன்வைத்து

பாயிரம்

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் மூச்சு அறுந்தது என்று யாரும் புகார் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் தாராசுரத்தில், எங்கள் வீட்டுக் கணினியில், அவர் ஒரு மாலைக்கு நாலைந்து தடவை நிறுத்தினார். 1956இல் காலமானவரை இதற்குப் பொறுப்பாக்குவது முறையல்ல. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியதாயிற்று.

முதல் சம்பவத்தை விரிவாகப் பதிவு செய்வது ஆய்வு மரபு. இரவு ஏழரை மணி. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பழைய இசைத்தட்டுப் பதிவு. திரையில் வித்வானின் ஒரே ஒரு படம் அசையாமல் நிற்கும். நாகஸ்வரம் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறி, இதோ தொட்டுவிடப் போகிறது என்ற இடத்தில் அறை நிசப்தமானது. படம் எப்போதும்போல அசையாமல் இருந்தது. அதன் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுழல ஆரம்பித்தது. கண்ணாடி இல்லாததால் அப்பாவுக்கு வட்டம் தெரியவில்லை. பதினோரு விநாடி கழித்து ஷட்ஜம் வந்து விழுந்தது.

"பாத்தியாடா! எந்த இடத்துல நிறுத்தி, எவ்வளவு நேரம் ஏங்க விட்டு, எப்படிக் கொண்டாந்து வெச்சார் பாரு! இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வர்றதில்ல."

மறுத்துப் பேச மனம் வரவில்லை. ஆனால் எனக்குள் ஓர் ஆய்வாளன் விழித்துக்கொண்டான். ஒரே ஒரு படத்தைக் காட்டிப் பாட்டுப் போடும் காணொளிக்கு அதிக இணைய வேகம் தேவையே இல்லை. அதுவே காய்கிறது என்றால் நோய் முற்றியது என்று பொருள். ஒரு நோட்டு வாங்கினேன். வட்டம் சுழலும் ஒவ்வொரு முறையும் சான்றுக்காகக் கைப்பேசியில் படம் பிடிப்பது என்றும் முடிவு செய்தேன். சான்றில்லாத ஆய்வு வம்பு.

பெயராய்வு

வட்டம் சுழல்வதை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். "சுத்துது" என்பது பெருவழக்கு. "லோடாவுது" என்பது பள்ளிப் பிள்ளைகள் வழக்கு. "நெட்டு சிக்கிக்கிச்சு" என்பாரும் உளர். "பஃபர் ஆவுது" என்பது படித்தவர் வழக்கு. இதில் ஒரு பொருட்குற்றம் உண்டு. பஃபர் என்பது முன்கூட்டிச் சேர்த்துவைத்த இருப்பு. இருப்பு இருந்தால் படம் ஓடும், தீர்ந்ததால்தான் நிற்கிறது. வீட்டில் அரிசி தீர்ந்துபோனதை "அரிசி ஆவுது" என்று யாரும் சொல்வதில்லை.

கணினித் தமிழ் இந்த இருப்பை 'இடையகம்' என்கிறது. சொல் சரிதான், ஆனால் அரசாணையில் வருகிற மாதிரி இருக்கிறது. மேல்நிலைப் பள்ளி வேதியியல் புத்தகம் அதே ஆங்கிலச் சொல்லுக்குத் 'தாங்கல் கரைசல்' என்று எழுதுகிறது. தாங்கல் அருமையான சொல். வேடந்தாங்கலிலும் பழவந்தாங்கலிலும் இருக்கிற தாங்கல் அது, சிற்றேரி. மேலிருந்து வரத்து நின்றாலும் கீழே உள்ள வயல் நாலு நாள் தாங்குவதற்காகத் தேக்கி வைக்கிற நீர். காணொளியின் கதையும் இதேதான். படம் முழுதாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. பார்க்கிற துண்டுக்கு முன்னால் இன்னும் சில துண்டுகளைக் கணினி சேர்த்துவைத்துக்கொள்கிறது. திரையின் அடியில் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் ஓடுகிற சாம்பல் கோடு அந்தச் சேமிப்பின் கரை. வரத்து குறைந்து சாம்பல் கோட்டைச் சிவப்பு எட்டிப் பிடித்தால், வட்டம்.

ஆனால் தாங்கல் செங்கற்பட்டுச் சீமைச் சொல். அரசலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு ஏரிப் பாசனக்காரர்களிடம் சொல் கடன் வாங்குவானேன்? இந்த மானப் பிரச்சினையோடு அலைந்துகொண்டிருந்தபோதுதான் பட்டுத் தறி ஓடுகிற ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தது. தாராசுரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. சௌராஷ்டிரக் குடும்பங்கள் பல. பெரியவர் தறியில் இருந்தார். நாடா வலமும் இடமுமாக ஓடிக்கொண்டிருந்தது. நாடாவுக்குள் ஒரு சிறு குச்சியில் ஊடை நூல் சுற்றியிருக்கும். அதற்குத் தார் என்று பெயர். ஒரு தார் தீர்ந்தால் எடுத்துவிட்டு அடுத்த தாரைப் போட வேண்டும். சுற்றிய தார்கள் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்தன. அந்த வீட்டு அம்மாள் ராட்டையில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சுற்றுகிற வேகம் இவர் நெய்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் தார் சேரும், குறைந்தால் கரையும். அன்று அம்மாளுக்குப் பரமக்குடியிலிருந்து போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே சுற்றினார். கிண்ணத்தில் ஐந்து இருந்தது மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. கடைசித் தாரும் ஓடித் தீர்ந்தது. பெரியவர் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை.

தறி நின்றிருந்தது. ராட்டை மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

திரையின் நடுவில் சுழல்வது எது என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விடையை நான் எந்தக் கணினி நூலிலும் பார்த்ததில்லை. ஆகவே இக்கட்டுரையில் இனி பஃபர் என்பது 'தார் இருப்பு' எனவும், வட்டம் 'ராட்டை' எனவும், நோய் 'தார் முடை' எனவும் வழங்கப்படும்.

தார் என்ற இந்தச் சொல்லிலிருந்தே தாராசுரம் என்ற ஊர்ப்பெயர் பிறந்தது என்று நிறுவ எனக்கு அரை மணி நேரம் போதும். அதைவிட மோசமான ஊர்ப்பெயராய்வுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். ஆனால் உண்மை வேறு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் ஐராவதேஸ்வரர் கோயிலைக் கட்டியபோது ஊர் ராஜராஜபுரம். அது ராராசுரம் என்று தேய்ந்து தாராசுரம் ஆயிற்று. ஒட்டக்கூத்தர் இருந்த அவையிலிருந்து புறப்பட்ட பெயரிலேயே வழியில் இத்தனை எழுத்து தொலைந்திருக்கிறது. தொலைந்த இடத்தில் சம்பந்தமில்லாத எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. நெட்டில் இதற்குப் 'பாக்கெட் லாஸ்' என்று பெயர்.

பரபக்கம்

சைவ சித்தாந்தத்தில் பிற மதங்களை மறுத்துவிட்டுத்தான் தம் மதத்தை நிறுவுவது வழக்கம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகவே பிரித்துவிட்டார். தார் முடை குறித்தும் ஊரில் பல மதங்கள் நிலவுகின்றன.

முதன்மையானது மேட்டூர்வாதம். டெல்டாவில் எது வறண்டாலும் மேட்டூரைப் பார்ப்பது நம் பிறவிக் குணம். ஜூன் 12 வந்தால் 120 அடியில் எத்தனை அடி, 93.47 டி.எம்.சி.யில் எத்தனை டி.எம்.சி. என்று பால் வாங்கும் இடத்தில் பேசுகிற ஊர் இது. அதே கண்ணோடு இவர்கள் நெட்டையும் பார்க்கிறார்கள்: அமெரிக்காவில் மதகை மூடிவிட்டான், கடலுக்கடியில் கேபிளைச் சுறா கடித்துவிட்டது, சென்னையில் ஏதோ கோளாறு. இம்மதத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் உண்மையாகவே நெட் தள்ளாடியது. ஆனால் அது 2008. இன்று பெரிய தளங்கள் பலரும் பார்க்கிற காணொளிகளின் பிரதிகளை நம் நாட்டு ஊர்களிலேயே, இணையச் சேவைக்காரர்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு குடத்துக்கும் மேட்டூரைத் திறப்பதில்லை. பக்கத்து ஊர்க் குளத்திலிருந்து மொண்டு தருகிறார்கள். மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து இங்கு வர விநாடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. மேலும், 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் ஒரு செயலியில் பார்த்தார்கள். அத்தனை பேரைத் தாங்குகிற அமைப்பு ஒற்றை அப்பாவைத் தாங்காதா?

இரண்டாவது மறுபிறப்புவாதம். "அணைச்சுட்டுப் போடுங்க, சரியாயிடும்" என்பது இதன் ஒற்றைச் சூத்திரம். ரௌட்டருக்கு ஒரு மரணம், முப்பது விநாடி இடைவெளி, மறுபடி ஜனனம். பழைய வினையெல்லாம் கழிந்துவிடும். சிரிக்கத் தோன்றினாலும் இம்மதத்தை முழுதாகத் தள்ள முடியவில்லை. நாள் கணக்கில் அணைக்காமல் கிடக்கும் ரௌட்டரின் நினைவில் குப்பை சேர்கிறது. மறுபடி எழும்போது அக்கம்பக்கத்து வைஃபை கூட்டத்தைப் பார்த்து இடைஞ்சல் குறைந்த சேனலைத் தேடிக்கொள்கிற ரௌட்டர்களும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. எங்கள் தெருவில் என் கைப்பேசி காட்டுகிற வைஃபை பெயர்கள் பதினான்கு. மூன்று வாய்க்காலில் பதினான்கு பேர் இறைக்கிறார்கள். ஆகவே மறுபிறப்பால் கொஞ்ச நேரம் நிம்மதி கிடைக்கலாம். முக்தி கிடைக்காது.

மூன்றாவது, பணவாதம். இதன் பிரசாரகர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். "முந்நூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு மாத்திக்குங்க சார்." யூடியூபே தரும் கணக்கின்படி 1080 தரத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே தரத்துக்கு 20. எங்கள் வீட்டுத் திட்டம் 40. இந்த எம்பிபிஎஸ் என்பதில் இன்னொரு மயக்கமும் உண்டு: அது மெகாபிட், நாம் கோப்புகளை அளப்பதோ மெகாபைட்டில். எட்டு பிட் ஒரு பைட். பழைய முகத்தலளவையில் எட்டு நாழி ஒரு குறுணி என்று சோழர் காலத்திலேயே வைத்திருந்தார்கள். நாழிக் கணக்கில் விற்றுவிட்டு குறுணிக் கணக்கில் கேட்கிறவனைப் பார்த்துச் சிரிப்பதும் அப்போதே இருந்திருக்கும்.

வாஸ்துவாதம், ரௌட்டரை ஈசானிய மூலையில் வைக்கச் சொல்வது. இதை ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போக நினைத்தேன். பின்னால் வேறு வழியில் அவர்களுக்கு அனுகூலமாக ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது.

ரிஷபகுஞ்சர முறை

யூடியூபில் ஏறிய முதல் காணொளி 2005 ஏப்ரல் 23இல் வந்தது. 19 விநாடி நீளம். சான் டியாகோ விலங்குக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஒருவர் பேசுவார். இந்திரனின் ஐராவதம் சாபம் தீர்ந்து வெள்ளையான ஊர்க்காரன் என்ற முறையில் இதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வாதத்தில் வலுவில்லாததால் அடுத்த யானைக்குப் போகிறேன்.

ஐராவதேஸ்வரர் கோயிலில் ஒரு சிறிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. வழிகாட்டிகள் கையை வைத்து மறைத்துக் காட்டுவார்கள். ஒரு பக்க உடலை மறைத்தால் காளை. மறு பக்கத்தை மறைத்தால் யானை. இரண்டு உடலுக்கும் தலை ஒன்றுதான். ரிஷபகுஞ்சரம் என்று பெயர். தார் முடையைக் கண்டறிவதில் உள்ள பெரிய குழப்பத்துக்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்பே கல்லில் வரைந்த விளக்கப்படம் அது. வெளியே தெரிகிற தலை ஒன்று: படம் திக்குகிறது. உள்ளே உடல் இரண்டு. ஒன்றில் வரத்து இல்லை. மற்றொன்றில் வரத்து நிறைய இருந்தும் கணினிக்கு நெய்யத் தெம்பில்லை. பழைய கணினிகளில் புது வகைச் சுருக்கமுறையில் வரும் படத்தை விரிப்பதற்கென்று தனிச் சில்லு இருக்காது. எல்லாப் பாரமும் மூளையின் தலையில் விழும். காற்றாடி விமானம் மாதிரி இரையும். படம் துள்ளித் துள்ளிப் போகும். ஆனால் ராட்டை சுழலாது.

பிரித்தறிய ஒரு பக்கத்தை மறைக்க வேண்டும். படத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். சாம்பல் கோடு முன்னால் ஓடிச் சேர்ந்து, மறுபடி ஓட்டும்போதும் படம் திக்கினால் அது காளை: கணினியின் குற்றம். தரத்தைக் குறைத்துப் பாருங்கள். வேறு வேலைகளை மூடுங்கள். இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். சாம்பல் கோடு நகரவே இல்லையென்றால் அது யானை: வரத்தின் குற்றம். யூடியூபில் படத்தின்மேல் வலது சொடுக்கினால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் இன்னும் எத்தனை விநாடிக்குத் தார் இருப்பு இருக்கிறது, எத்தனை காட்சித் துண்டுகளைக் கணினி தவறவிட்டது என்று எண் போட்டே காட்டும். அப்பாவின் தோடியில் தவறவிட்டது பூஜ்யம். தார் இருப்பு 2.3 விநாடி, 1.1, 0.4, பிறகு ராட்டை.

எங்களுடையது யானை.

கடைமடை

யானை என்று தெரிந்தபின் வாய்க்காலோடு நடந்து பார்ப்பதுதான் முறை. நெட்டுக்காரத் தம்பி வந்தார். தெருக் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கி வருகிற கறுப்புக் கம்பி எங்கள் வீட்டு ஓட்டின் இடுக்கு வழியாகப் பரணில் இறங்குகிறது. பெட்டி பரணில்தான் இருக்கிறது. தம்பி ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"சார், லைட்டெல்லாம் பச்சையா இருக்கு. எல்ஓஎஸ் எரியல. எங்க சைடுல ஒண்ணும் இல்ல சார்."

எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண்ணடித்தால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். இழை எங்கோ அறுந்திருக்கும், அல்லது அளவுக்கு மீறி மடங்கியிருக்கும். இங்கே அது இல்லை. பெட்டியிலிருந்து ஒரு நீளமான கம்பியைக் கூடத்தின் குறுக்கே இழுத்துக் கணினியில் செருகி அளந்தேன். 39 எம்பிபிஎஸ். தோடி மடை திறந்தாற்போல ஓடியது. கம்பியைப் பிடுங்கி வைஃபையில் அளந்தேன். 2. அரை மணி கழித்து அளந்தால் ஒன்றுக்கும் கீழே. கம்பியை அப்படியே விட்டுவைக்கலாம் என்று முன்மொழிந்தேன். அதில் தடுக்கி விழப்போன அம்மா அந்த முன்மொழிவை நிராகரித்தார்.

ஆக, அமெரிக்காவிலிருந்து பரண் வரை தண்ணீர் கரை புரண்டு வருகிறது. பரணிலிருந்து கணினி வரை, இருபதடி தூரத்தில், காணாமல் போகிறது. மேட்டூரில் நிறைந்து, கல்லணையில் திறந்து, அரசலாற்றில் வந்து, நம் வயலுக்குப் பத்தடி முன்னால் ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து. கடைமடை என்றால் காரைக்கால் பக்கம் எங்கோ கடலோரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைமடை எங்கள் கூடத்தில் இருந்தது.

ஸ்டூலில் ஏறினேன். பரணில், ரௌட்டருக்கும் கணினி இருக்கும் அறைக்கும் நேர்கோட்டில், ஒரு பித்தளை அண்டா. கும்பகோணத்துச் சரக்கு, நாலு பேர் தூக்க வேண்டும். அண்டாவுக்குள் ஒரு தவலை, தவலைக்குள் இரண்டு குடம், குடத்துக்குள் ஈயம் பூசிய பாத்திரங்கள். வைஃபை அலை மரக்கதவைத் தாண்டும், செங்கல் சுவரைக் கொஞ்சம் களைத்துப்போய்த் தாண்டும். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். எங்கள் வீட்டு அலைகள் நாலடுக்குப் பித்தளையில் முட்டித் திரும்பி, எதிர்ச்சுவரில் மோதி, பக்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வீட்டில் நெட் நன்றாக வருகிறது என்று அவர்கள் பையன் ஒருமுறை சொன்னதும் நினைவுக்கு வந்தது. போதாததற்கு, தூசி படாமலிருக்க ரௌட்டருக்கு அம்மா குரோஷாவில் ஒரு சட்டை பின்னிப் போட்டிருந்தார். பெட்டி காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

மிகுந்த தயக்கத்தோடு அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். அலைநீளம் பற்றியும், பித்தளையின் மின்கடத்தும் தன்மை பற்றியும் விளக்கினேன்.

"அது எங்கம்மா எனக்குச் சீராக் கொடுத்தது. நாப்பது வருஷமா அங்கதான் இருக்கு. உன் பொட்டி நேத்து வந்தது."

"அதுக்கில்லம்மா, அண்டாவ மட்டும் கொஞ்சம்..."

"பொட்டிய எடுத்து சாமி அலமாரி மேல வையேன். இதுக்கா அஞ்சு வாரமா நோட்டும் கையுமா அலையற?"

சாமி அலமாரி ஈசானிய மூலையில் இருக்கிறது. வாஸ்துவாதிகளுக்குரிய தீர்ப்பு இதுதான்.

தள்ளுபடி செய்யப்பட்ட தரவுகள்

பெட்டி இடம் மாறியதும் வைஃபையில் 24 எம்பிபிஎஸ் வந்தது. ஆய்வு முடிந்தது என்று நோட்டில் கோடு போட்டேன். அன்றிரவே ஷட்ஜத்துக்கு முன்னால் ராட்டை சுழன்றது. முன்பு பதினொன்று, இப்போது ஆறு விநாடி.

நோட்டைத் திரும்பப் புரட்டினேன். நோய்க்கு ஒரு நேரக்கணக்கு இருந்தது. வார நாட்களில் இரவு ஏழு மணிக்கு மேல். ஞாயிறன்று நாள் முழுக்க. டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1909இலேயே கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் வரிசை எப்படி நீளும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இரவில் ஊரே படம் பார்க்கிறது, வரிசை நீள்கிறது என்று ஓரத்தில் எழுதி எர்லாங் பெயருக்கு அடிக்கோடும் இட்டிருந்தேன். இந்த விளக்கத்துக்கு ஒத்துவராதது ஒரே ஒரு பதிவு. நான் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் ராட்டை சுழலவே இல்லை. அப்போது அப்பா போனில் சொன்னது இது: "ரெண்டு நாளா வாசிப்பு சுமாரா இருக்குடா." ஆய்வாளர் இல்லாதபோது திரட்டிய தரவு நம்பத்தகாதது என்ற அடிப்படையில் அந்த இரண்டு நாளையும் தள்ளுபடி செய்திருந்தேன்.

என் மகள்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு.

"அப்பா, நீங்க ஊர்ல இல்லாதப்ப நல்லா வந்திருக்கு. நீங்க வீட்டுல இருந்தா சுத்துது."

"இருக்கட்டும். ஒரே நேரத்தில் நடக்கிறதெல்லாம் காரணமாயிடாதும்மா."

அவள் என் கைப்பேசியை எடுத்தாள். அது கொல்லைப்புற அறையில் சார்ஜில், சூடாகக் கிடந்தது. திரையை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினாள். 'பதிவேறுகிறது. இன்னும் 212 உள்ளன.'

ராட்டை சுழலும்போதெல்லாம் நான் சான்றுக்காக எடுத்த படங்கள். வீட்டுக்குள் நுழைந்து வைஃபை கிடைத்ததும் கைப்பேசி அவற்றை ஒவ்வொன்றாக மேகத்துக்கு அனுப்ப ஆரம்பிக்கும். வைஃபை ஒற்றை வாய்க்கால். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கொல்லையிலிருந்து சன்னமான குரலில் பேசுகிற கருவி ஒரே சேதியைத் திரும்பத் திரும்பச் சொல்லி மற்றவர் முறையையும் தின்றுவிடும். முறைப்பாசனத்தில் தன் நேரம் தாண்டியும் மடையை அடைக்காமல் உட்கார்ந்திருக்கும் மிராசுதாரர் மாதிரி. இத்தோடு, ரௌட்டருக்குள்ளும் ஒரு தேக்கம் உண்டு. வெளியே போக வேண்டிய துண்டுகளை அது வரிசையில் அடுக்கி வைக்கும். அந்த வரிசை மிக நீளமாக இருந்தால், "அடுத்த துண்டு அனுப்பு" என்று அப்பாவின் கணினி கேட்கிற சின்னச் சேதிகூட என் படங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் இதற்குப் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். மழைக்காலத்தில் ஐராவதேஸ்வரர் கோயில் முற்றத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரைமட்டம் தாழ்ந்த இடம். வந்த நீர் வெளியேறாது. தேங்குவதெல்லாம் தாங்கல் ஆகாது.

இன்னும் வெட்கக்கேடு உண்டு. ராட்டை சுழன்றால் நான் படமெடுப்பேன். எடுத்த படம் பதிவேறும். பதிவேறினால் ராட்டை சுழலும். சுழன்றால் படமெடுப்பேன். ஐந்து வாரத்தில் நோய் முற்றியதற்கு நோட்டில் நான் எழுதியிருந்த காரணம் 'பருவமழை'.

மகள் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்தினாள். அதற்கு நாலு விநாடி ஆயிற்று.

சுபக்கம்

அன்றிரவு தோடி முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நான் ஸ்டாட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தார் இருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 38 விநாடி, 41, 44. கிண்ணம் நிறையத் தார். நாகஸ்வரம் ஏறியது; ஏறிய வேகத்திலேயே ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு அடுத்த பிடிக்குப் போயிற்று.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"இது வேற ரெக்கார்டா?"

"அதேதான்ப்பா."

"இல்லடா. அந்த இடத்துல ஒரு நிறுத்து நிறுத்துவார். பொசுக்குனு போயிட்டாரே." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் என்ன தெரிந்ததோ. "யாரோ வாசிச்சுட்டு இவர் படத்தப் போட்டு ஏத்தியிருக்கான். அந்தப் பழசத் தேடிப் போடேன்."

தேடுவதுபோல விசைப்பலகையைத் தட்டினேன். பிறகு எழுந்து கொல்லைப்புற அறைக்குப் போனேன். கைப்பேசியில் இன்னும் 212 இருந்தன. ஷட்ஜத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அழுத்தினால் கணக்காக இருக்கும்.